முப்பத்துமூன்று டிகிரி

காபெஸ்
3 ஜூலை 2008

நஜீபாவுக்கு,

ஸலாம் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும். சொல்லிவிட்டேன்.

என் தம்பி லம்ஜத்தைப் பார்க்க மஹ்தியாவுக்கு வந்த என்னைக் கையைப் பிடித்து இழுத்து ஆஸ்பத்திரி அறைக்கு வெளியே விட்டாய். நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீ யார் என்னை வெளியேற்ற? கோர்ட்டில் நின்று அவன் வேண்டாம் என்று மார்ச் மாதமே எழுதி வாங்கிக்கொண்டு போனவள். ஆனால் அந்தச் சின்ன டாக்டர் வந்து கேட்டதும் "நான் அவர் மனைவி" என்றாயாமே. மூன்று மாதத்தில் அது மறந்துபோயிற்றா?

நான் என்ன கொலையா செய்தேன்? என் தம்பி அசைவில்லாமல் கிடந்தான். கழுத்தடியில் ஐஸ், அக்குளில் ஐஸ், தொடை இடுக்கில் ஐஸ். அறை முழுக்க மத்தி மீன் நாற்றம். காலைத் தொட்டுப் பார்த்தேன். எங்கள் அம்மாவைக் கடைசியாகக் குளிப்பாட்டியவள் நான், அந்தச் சில்லிப்பு எனக்குத் தெரியும். கொண்டுவந்த கம்பளியைப் போர்த்தினேன். ஆலிவ் எண்ணெயைச் சுடவைத்து உள்ளங்காலில் தேய்த்தேன். எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்கும் அதுதான் செய்வோம், சாகக் கிடக்கிறவனுக்கும் அதுதான் செய்வோம். நின்றுபோன இருதயம் மறுபடி ஓடத் தொடங்கியவனை மீனோடு மீனாக ஐஸில் வைப்பது எந்த ஊர் வைத்தியம்?

இப்போது விழித்துவிட்டான், ஆனால் ஞாபகம் சரியில்லை என்று மஹ்தியாவுக்கு டாக்ஸி ஓட்டும் ஹெடி சொல்கிறான். எப்படிச் சரியாக இருக்கும்? மூளையை விறைக்க வைத்துவிட்டாய்.

போன் செய்யாதே, எடுக்கமாட்டேன். உன் குரலைக் கேட்டால் கத்திவிடுவேன். மருமகன் இருக்கும் வீட்டில் கத்த எனக்கு விருப்பமில்லை. சொல்ல ஏதாவது இருந்தால் எழுதி ஹெடியின் ஷேர் டாக்ஸியில் கொடுத்தனுப்பு.

மப்ரூக்கா


மஹ்தியா
9 ஜூலை 2008

மப்ரூக்கா அக்காவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். நீங்கள் எழுதச் சொன்னதும் ஒருவகையில் நல்லதுதான். என்னாலும் போனில் பேச முடியாது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

அன்று மீன் ஏலத்தில் நின்றுகொண்டிருந்த உங்கள் தம்பி அப்படியே சரிந்திருக்கிறார். கூட்டாளிகள் மீன் லாரியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். அவசரப் பிரிவில் நான்தான் ட்யூட்டி. ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்த பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். நாடி இல்லை. நெஞ்சை அழுத்த ஆரம்பித்தவள் நான்தான் அக்கா, இந்தக் கையால்தான். ஷாக் கொடுத்ததும் இருதயம் திரும்பி ஓடியது. ஆனால் கூப்பிட்டால் அசைவில்லை, கிள்ளினால் அசைவில்லை.

டாக்டர் வஜ்தி லியோனில் படித்துவிட்டு இப்போதுதான் இங்கே வந்திருக்கிறார். "உடம்பை முப்பத்துமூணு டிகிரிக்குக் கொண்டுபோய் ஒரு நாள் முழுக்க வச்சிருக்கணும். இருதயம் நின்னப்போ அடிபட்ட மூளைக்கு அப்பத்தான் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். இவருக்குக் குடும்பத்துல யாரு இருக்கா?" என்று கேட்டார். இத்தனை வருஷம் சொல்லிப் பழகிய வார்த்தை. வாயில் வந்துவிட்டது. யோசித்துச் சொன்னேன் என்றால் அது பொய்.

குளிர்விக்கிற மெஷின் எங்களிடம் இல்லை. ஃப்ரிட்ஜில் இருந்த ஐஸ் இரண்டு பைக்கே சரியாய்ப் போய்விட்டது. துறைமுக ஐஸ் ஃபாக்டரிக்கு ஆள் அனுப்பினோம். அவர்கள் மத்திப் பெட்டிகளில் வாரிக்கொண்டு வந்தார்கள். நாற்றத்துக்கு அதுதான் காரணம். நடுக்கம் வராமல் இருக்க மருந்து ஏற்றி, அரை டிகிரி ஏறினாலும் இறங்கினாலும் பார்த்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தொழுகைக்கு என்று நான் எழுந்த நேரத்தில் நீங்கள் வந்தீர்கள். திரும்பி வந்தால் மேலே கம்பளி, காலெல்லாம் சுடு எண்ணெய், வெப்பமானி முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. அந்தச் சூட்டைத் திரும்ப இறக்குவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. உங்களை இழுத்துவிட்டது உண்மை. மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. விறைக்க வைத்தது நான் என்றால், இடையில் சூடேற்றிக் கெடுத்தது யார் என்று நீங்களும் யோசியுங்கள்.

மெல்ல மெல்ல உடம்பைச் சூட்டுக்குக் கொண்டுவந்து, மருந்தை நிறுத்தி, மூன்றாம் நாள் கண் திறந்தார். என்னைப் பார்த்துச் சொன்ன முதல் பேச்சு: "ஷிஃப்ட் முடிஞ்சுதா நஜீ? வா, வீட்டுக்குப் போலாம்."

கடைசி இரண்டு வருஷம் அவருக்கு இல்லை. கோர்ட் இல்லை, மார்ச் இல்லை. நான் அவர் மனைவி, அவ்வளவுதான் தெரியும். காலையில் சொன்னதை மாலையில் மறந்துவிடுகிறார். தனியாக விட்டால் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வெளியே போய்விடுகிறார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது "வீட்டுல யாராவது கூடவே இருக்கணும்" என்றார்கள். எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள், மனைவி என்று சொன்னவள் நான்தானே. நர்ஸ் விடுதியிலிருந்து பெட்டியை எடுத்துக்கொண்டு பழைய வீட்டுக்கே வந்துவிட்டேன். நான் ட்யூட்டியில் இருக்கும் நேரம் ஏலக் கூட்டாளிகள் முறை வைத்து வந்து உட்காருகிறார்கள். நான் உள்ளறையில் தாழிட்டுக்கொண்டு படுக்கிறேன், இதை நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி.

இரண்டே அறை அக்கா. அவர் எப்போதும் என் பக்கத்தில் இருக்கிறார். போனில் எதைப் பேசினாலும் காதில் விழும். அதனால்தான் நர்ஸுகள் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பதிலை ஆஸ்பத்திரிக்கே அனுப்புங்கள்.

நஜீபா


காபெஸ்
20 ஜூலை 2008

நஜீபா,

நெஞ்சை அழுத்தியது நீ என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அதற்கு அல்லாஹ் உனக்குக் கூலி கொடுக்கட்டும். மற்றதற்கு என் கோபம் அப்படியேதான் இருக்கிறது.

ஆனால் ஒன்றைக் கேள். நீ அவனை ஏமாற்றிக்கொண்டிருக்கிறாய். ஞாபகம் போனவனிடம் மனைவி வேஷம் போடுகிறாய். நாளை ஞாபகம் திரும்பினால் அவன் முகத்தில் எப்படி விழிப்பாய்? உண்மையைச் சொல்லிவிடு. அவன் ஆண் பிள்ளை, தாங்கிக்கொள்வான்.

ஹெடியிடம் பேரீச்சை கொடுத்தனுப்பியிருக்கிறேன். அது அவனுக்கு. நீ தின்றாலும் கேட்கமாட்டேன்.

மப்ரூக்கா


மஹ்தியா
11 ஆகஸ்ட் 2008

அக்காவுக்கு,

சொன்னேன். நீங்கள் சொன்னபடியே சொன்னேன்.

"லம்ஜத், நமக்கு மார்ச்லயே முறிஞ்சுபோச்சு. கோர்ட்ல முடிச்சாச்சு."

"விளையாடாத. யார் கேட்டது, நானா?"

"நான்தான் கேட்டேன்."

"ஏன்?"

ஏன் என்று உங்களுக்கே நான் இதுவரை சொன்னதில்லை. அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன். "நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வந்தா உள்ள தாழ்ப்பாள் போட்டுக்குவீங்க. எந்த டாக்டரோட வந்தேன்னு கேப்பீங்க. விடிஞ்சு நீங்க ஏலத்துக்குக் கிளம்புறவரைக்கும் நான் மாடிப்படியில யூனிஃபார்மோட உட்காந்திருப்பேன். எதிர்வீட்டு ஷத்லியா காபி கொண்டுவந்து குடுப்பா."

"நானா? உன்னையா?" என்று கேட்டார். இதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு முகத்தை மூடிக்கொண்டு குழந்தை அழுவதுபோல் அழுதார். நானும் அழுதேன். சாப்பிடாமலே தூங்கிப்போனார். எழுந்து வந்து, "இன்னிக்கு ஷிஃப்ட் எத்தனை மணிக்கு?" என்றார்.

இரண்டு நாள் கழித்து மறுபடி சொன்னேன். மறுபடி அதே "நானா? உன்னையா?". அதே அழுகை. மூன்றாம் தடவையும் அப்படித்தான். எனக்கு அது பழைய கதை அக்கா, அவருக்கு ஒவ்வொரு தடவையும் அன்றுதான் நடக்கிறது. இனி என்னால் முடியாது. நிறுத்திவிட்டேன். வேஷம் என்று நீங்கள் சொல்வதானால் சொல்லிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. இதை யாரிடமும் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவர் இப்போது நல்லவராக இருக்கிறார். கல்யாணமான முதல் வருஷம் எப்படி இருந்தாரோ அப்படி. நான் வரத் தாமதமானால் கதவை விரியத் திறந்துவைத்துக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். அந்தக் கதவைப் பார்க்கும்போது எனக்கு மூச்சு முட்டுகிறது. மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் இருதயப் பிரிவில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது, விவாகரத்துக்கு முன்பே விண்ணப்பித்தது. அக்டோபர் முடிவதற்குள் போய்ச் சேராவிட்டால் வேறு ஆளை எடுத்துக்கொள்வார்கள். போக வேண்டும் என்று தோன்றுகிறது. போனால் அந்தக் கதவு அப்படியே திறந்து கிடக்கும் என்றும் தோன்றுகிறது.

நஜீபா


காபெஸ்
8 செப்டம்பர் 2008

நஜீபா,

ரமலான் வாழ்த்து.

தாழ்ப்பாள் விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அப்போதே வந்து அவன் காதைத் திருகியிருப்பேன். எங்கள் அப்பாவுக்கும் இந்தச் சந்தேகப் புத்தி உண்டு. அம்மா எப்படிப் பொறுத்துக்கொண்டாள் என்று கேட்காதே.

ஆனால் இப்படியே இருக்க முடியாது. ஒரே கூரை, நோன்பு மாதம், நீ அவனுக்கு அந்நியப் பெண். நீ தாழிட்டுப் படுப்பதை ஊரா வந்து பார்க்கிறது? உனக்குக் காபி கொடுத்த அந்த ஷத்லியாதான் இப்போது மாடிப்படியில் நின்று பேசுகிறாள் என்று ஹெடி சொல்கிறான். போலீஸ்வரை போனால் உன் வேலை என்ன ஆகும்? எங்கள் இமாமிடம் பெயர் சொல்லாமல் கேட்டேன். "ஒண்ணு வெளியே போகணும், இல்லாட்டி மறுபடி முறைப்படி கட்டிக்கணும். நடுவுல நிக்க இடமே இல்லம்மா" என்றார்.

கட்டிக்கொள். பழைய புருஷன்தானே, தடையொன்றும் இல்லை. நகராட்சியில் போய் இரண்டு கையெழுத்து. அவன் இப்போது நல்லவனாக இருக்கிறான் என்று நீயே எழுதியிருக்கிறாய். நானும் இங்கே நிம்மதியாக இருப்பேன்.

மப்ரூக்கா


மஹ்தியா
24 செப்டம்பர் 2008

அக்காவுக்கு,

நீங்கள் எழுதியதைக் கையில் வைத்துக்கொண்டு பல நாள் யோசித்தேன். போனேன். அவரைச் சவரம் செய்யச் சொல்லி, வெள்ளைச் சட்டை போட்டு நகராட்சிக்கு அழைத்துக்கொண்டு போனேன். ஏதோ காகிதம் புதுப்பிக்க வேண்டும் என்று சொல்லித்தான். என் மனதில் என்ன இருந்தது என்று கேட்டால், அவர் "சரி" என்று சொல்லிவிட்டால் மஸ்கட்டைக் கைகழுவிவிடலாம் என்று இருந்தது. அந்த அளவுக்குக் களைத்துப்போயிருந்தேன். களைப்பு மட்டும்தானா என்றும் தெரியவில்லை.

கவுண்டரில் இருந்தவர் காகிதங்களைப் பார்த்துவிட்டு அவரிடம் கேட்டார்: "மறுபடி கல்யாணம் பண்ணிக்க ரெண்டு பேருக்கும் சம்மதந்தானே?"

உங்கள் தம்பி வாய்விட்டுச் சிரித்தார். "என்னப்பா, கட்டின பொண்டாட்டியை எத்தனை தடவை கட்டறது? உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்றார். வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். கவுண்டர்க்காரர் மட்டும் சிரிக்கவில்லை. என்னைத் தனியே கூப்பிட்டு, "அம்மா, விவாகரத்தானதே இவருக்குத் தெரியலையே. தெரியாத மனுஷன் சம்மதத்தை நான் எப்படி எழுதறது? சொல்லிக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

சொன்னால் அழுது தூங்கி மறந்துவிடுகிறார். சொல்லாவிட்டால் கட்ட முடியாது. கட்டாமல் கூட இருந்தால் பாவம், ஊர் வாய், போலீஸ். விட்டுவிட்டுப் போனால் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டுகிறது அக்கா. அவருடைய மூச்சைத் திரும்பக் கொண்டுவந்தவள் நான்தான், இப்போது எனக்கு மூச்சுவிட இடமில்லை.

அதனால் கேட்கிறேன். இதுவரை உங்களிடம் எதுவும் கேட்டதில்லை. அவரை அழைத்துக்கொண்டு போங்கள்.

கம்பளியை நினைத்து நீங்கள் தயங்க வேண்டாம். ஜூலையிலேயே டாக்டர் வஜ்தியிடம் கேட்டுவிட்டேன். "ஐஸும் இல்ல, கம்பளியும் இல்ல. லாரியில வந்தப்போ இருதயம் ஓடாம போன நிமிஷங்கள்தான் ஞாபகத்தைத் தின்னுடுச்சு. குளிர்ல வைக்காட்டி இந்த அளவுக்குக்கூடத் தேறியிருக்க மாட்டார்" என்றார். உங்கள்மேல் இருந்த கோபத்தில் இதை எழுதாமல் வைத்திருந்தேன்.

நஜீபா


காபெஸ்
29 செப்டம்பர் 2008

நஜீபா,

இதை மூன்று மாதம் உள்ளே வைத்துக்கொண்டு என்னை வாட்டியிருக்கிறாய். நானும் உன்னைக் குறைவாக வாட்டவில்லை. சரிக்குச் சரியாகப் போயிற்று.

மருமகனிடம் பேசிவிட்டேன். மாதுளைத் தோட்டத்துப் பக்கம் இருக்கும் அறையைக் காலி செய்கிறோம். பெருநாள் முடிந்து நானே வருகிறேன். என்ன மாத்திரை, எப்போது என்று தெளிவாக எழுதிவை. நெஞ்சுக்குள் கருவி ஏதோ வைத்தார்களாமே, அதை இங்கே யார் பார்ப்பார்கள் என்றும் கேட்டு வை. நீ ஏன் கூட வரவில்லை என்று அவன் கேட்டால் ஷிஃப்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லி அனுப்பு. பொய்தான். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மப்ரூக்கா


காபெஸ்
6 நவம்பர் 2008

நஜீபா,

மஸ்கட் முகவரிக்கு எழுதுவது இதுதான் முதல். போய்ச் சேர்ந்த செய்தி கிடைத்தது. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்லும்போது நீ இடையில் பேசினால் என்னால் சொல்லி முடிக்க முடியாது. அதனால் எழுதுகிறேன்.

அவன் நன்றாகச் சாப்பிடுகிறான். ஹரிஸா மிளகாய் விழுது இல்லாமல் கூஸ்கூஸ் கொடுத்தால் மட்டும் முறைக்கிறான். போன வாரம் நானும் அவனும் மாதுளை உரித்துக்கொண்டிருந்தோம். திடீரென்று, "அவ போனது நல்லதுதான் அக்கா" என்றான்.

நான் வழக்கம்போல, "எங்க போயிட்டா, ஷிஃப்டுக்குத்தானே போயிருக்கா" என்றேன்.

"எதுக்கு நீயும் பொய் சொல்ற? மார்ச்லயே முறிஞ்சது எனக்குத் தெரியும்."

மாதுளையைக் கீழே வைத்தேன். எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

"சில நாள் தெரியுது, சில நாள் தெரிய மாட்டேங்குது. ரமலானுக்கு முன்னாலேர்ந்தே அப்படித்தான். தெரியுற நாள்ல வாயை மூடிட்டு இருந்தேன். தெரியும்னு சொன்னா அவ பெட்டியைத் தூக்கிட்டுப் போயிருப்பா."

"நகராட்சிக்குப் போன அன்னிக்கு..." என்று இழுத்தேன். நீ எனக்கு எழுதியதை அவனிடம் சொன்னதில்லை, இருந்தாலும் கேட்டுவிட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்:

"அன்னிக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சிரிச்சேன். சரின்னு சொல்லியிருந்தா பாவம் பார்த்துக் கட்டிக்கிட்டிருப்பா. திரும்பத் தாழ்ப்பாள் போட மாட்டேன்னு எனக்கே என்மேல நம்பிக்கை இல்ல அக்கா. இப்ப இந்த ஞாபகமில்லாத ஆளு நல்லவன். ஞாபகம் முழுசாத் திரும்பினா வர்றவன் யாரோ."

நீ ஏமாற்றுகிறாய் என்று உனக்கு எழுதியவள் நான். ஏமாந்தது நீதான் நஜீபா. அவன்மேல் கோபப்பட உனக்கு எல்லா உரிமையும் இருக்கிறது, நானும் அன்று முழுக்க அவனோடு பேசவில்லை. ஆனால் அவன் அதைக்கூட மறந்துவிட்டு மறுநாள் காலையில் என்னிடம் வந்து, "நஜீ நம்பர் குடு, இந்நேரம் ஷிஃப்ட் முடிஞ்சிருக்கும்" என்றான். தெரிந்து கேட்டானா, தெரியாமல் கேட்டானா, எனக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து தினமும் கேட்கிறான். உன் புது எண்ணை நான் கொடுக்கவில்லை. கொடுக்கலாமா என்று நீ சொல்.

உன் அக்கா
மப்ரூக்கா


மஸ்கட்
2 டிசம்பர் 2008

அன்புள்ள அக்காவுக்கு,

படித்தேன். பல தடவை படித்தேன். முதலில் வந்தது கோபம்தான். இந்த ஊரில் யாரையும் தெரியாது, கோபத்தை எங்கே கொண்டுபோய் இறக்குவது என்றும் தெரியவில்லை. கைகழுவும் தொட்டியருகில் நின்று அழுதேன். என்னவென்று கேட்ட பிலிப்பைன்ஸ்காரப் பெண்ணிடம் கண்ணில் மருந்து தெறித்துவிட்டது என்றேன்.

கோபம் போன பிறகு உட்கார்ந்து நாட்களை எண்ணிப் பார்க்கிறேன். கதவைத் திறந்துவைத்து எனக்காக உட்கார்ந்திருந்தாரே, அதில் எத்தனை நாள் மறந்துபோய் உட்கார்ந்திருந்தார், எத்தனை நாள் எல்லாம் தெரிந்து உட்கார்ந்திருந்தார்? தெரியாமல் உட்கார்ந்திருந்தால் அது வியாதி. தெரிந்து உட்கார்ந்திருந்தால் அது நான் இத்தனை வருஷமும் அவரிடம் கேட்டுக் கிடைக்காமல் போனது. இரண்டையும் என்னால் பிரிக்க முடியவில்லை. அவராலும் முடியாது என்றே நினைக்கிறேன்.

வேலை நன்றாக இருக்கிறது. இங்கே குளிர்விக்க மெஷின் இருக்கிறது, உறை மாதிரி உடம்பில் சுற்றிவிட்டால் டிகிரியை அதுவே பார்த்துக்கொள்ளும். எனக்குத்தான் அதை விட்டு நகர முடிவதில்லை. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறேன். சூப்பர்வைசர் திட்டுகிறார்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: எண்ணைக் கொடுக்க வேண்டாம். அவர் கெஞ்சினாலும் கொடுக்க வேண்டாம், நானே பின்னால் மனசு மாறி எழுதினாலும் கொடுக்க வேண்டாம். அவர்மேல் உள்ள கோபத்தில் சொல்லவில்லை அக்கா. அவர் கூப்பிட்டால் நான் எடுத்துவிடுவேன்.

நஜீபா